பல்லாவரத்தில் ஏறுபவளின் சீட்

மீட்டர் கேஜ் மின்சார ரயிலுக்கு ரயில்வேக்காரர்கள் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, போட்டோ எடுத்து, கடைசியாக ஒருமுறை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு ஓட்டி வழியனுப்பிய மறுநாள் காலை, அதே வண்டி அதே பிளாட்பாரத்தில் நிற்பதைப் பார்த்து, அதே கூடைகளோடும் டிபன் பைகளோடும் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். வழியனுப்பியது ரயில்வேக்காரர்கள்தானே, நாங்கள் இல்லையே. ஒரு போர்ட்டர் வந்து ஜன்னல் ஜன்னலாகத் தட்டி, "இந்த வண்டி இனிமே போவாதும்மா, அகலப் பாதை வண்டிக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். முனகிக்கொண்டு இறங்கினோம். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஒரே ஒரு கைக்குட்டை மட்டும் இறங்கவில்லை.

அது யாருடைய கைக்குட்டை என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்களைக் காக்கவைப்பதில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய எங்கள் கேபின் தெருவில் மூன்றாவது வீட்டு வசந்தகோகிலத்தின் கைக்குட்டை அது. அவள் அதைப் போட்டது தனக்காக அல்ல, பல்லாவரத்தில் ஏறும் பிலோமினாவுக்காக.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கப்பலில் வந்து இறங்கிய வண்டி என்று பாதிப் பேரும், பெரம்பூரில் செய்த வண்டி என்று மீதிப் பேரும் சண்டை போடுவார்கள். முதலில் வந்தவை கப்பலில் வந்தன, பிறகு வந்தவற்றைப் பெரம்பூரில் செய்தார்கள், ஆகவே அது இரண்டு தரப்பும் ஜெயித்த சண்டை. குறுகலான வண்டி, ஒல்லியான வண்டி, எதிர்சீட்டில் இருப்பவளின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும் வண்டி, அதனாலேயே யாரும் யாரிடமும் முறைத்துக்கொண்டு உட்கார முடியாத வண்டி. அதில் நாங்கள் அவரைக்காய் நறுக்கியிருக்கிறோம், பூத் தொடுத்திருக்கிறோம், ஸ்வெட்டர் பின்னியிருக்கிறோம், நிறைமாதக்காரிகளுக்கு வளைகாப்பு செய்து கலந்த சாதம் பரிமாறியிருக்கிறோம். அப்படி வளையல் போட்டுக்கொண்ட ஒருத்திக்குப் பழவந்தாங்கலுக்கும் செயின்ட் தாமஸ் மவுண்ட்டுக்கும் நடுவில் குழந்தையே பிறந்து, அந்தப் பிள்ளை வளர்ந்து அதே வண்டியில் காலேஜுக்குப் போனான், அம்மா இருக்கும் பெட்டியில் ஏறாமல்.

அந்த வண்டிக்கு எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையையோ துண்டையோ வீசினால், அது விழுந்த சீட் வீசியவளுடையது, அல்லது அவள் யாருக்காக வீசினாளோ அவளுடையது. யாராவது வந்து "காலியா?" என்று கேட்டால் "ஆள் வருது" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கேட்டவள் கலெக்டராக இருந்தாலும் நகர்ந்துவிடுவாள்.

கோகிலம் எழும்பூரில் டெலிபோன் ஆபரேட்டர். பிலோமினா எழும்பூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வண்டி புறப்படும் தாம்பரத்தில் கோகிலம் தினமும் ஜன்னலோர சீட்டில் கைக்குட்டை போடுவாள், சானடோரியத்தில் ஒருத்தி கேட்பாள், குரோம்பேட்டையில் இன்னொருத்தி கேட்பாள், "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே வருவாள், பல்லாவரத்தில் பிலோமினா மூச்சிரைக்க ஏறி, கைக்குட்டையை மடித்துக் கோகிலத்தின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்பாள். இப்படி இருபது வருஷம். ஒருத்தியின் மாமியாருக்கு எந்தக் காலில் வீக்கம் என்பது மற்றவளுக்குத் தெரியும். வீடு எந்தத் தெரு என்பது தெரியாது. ரயில் சிநேகிதம் அப்படித்தான், அதற்கு ஸ்டேஷன் பெயர் போதும்.

ஒருநாள் கோகிலத்தின் சூப்பர்வைசரம்மாள், தாம்பரத்தில் ஏதோ விசேஷத்துக்கு வந்து தங்கியவர், அந்தப் பெட்டியில் ஏறி, கைக்குட்டை கிடந்த சீட்டைக் காட்டி, "இது காலியா கோகிலம்?" என்றார். இருபது வருஷமாக ஒரே பதிலைச் சொன்ன வாய், அன்றைக்கு என்ன நினைத்ததோ, "உக்காருங்க மேடம்" என்றது. பல்லாவரத்தில் பிலோமினா ஏறினாள், சீட்டைப் பார்த்தாள், கோகிலத்தைப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழும்பூர்வரை நின்றே வந்தாள். குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் ரயிலிலேயே ஏறவில்லை. மறுநாளிலிருந்து கோகிலம் ஒருநாள் தவறாமல் கைக்குட்டை போட்டாள், வண்டியே போகாது என்று போர்ட்டர் சொன்ன அந்தக் காலை உட்பட.

பெட்டிகளையெல்லாம் ஸ்டேஷனுக்கு வடக்கே, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சைடிங்கில் தள்ளி நிறுத்தினார்கள். ஏலத்தில் எடுத்தவர் காயலான் கடை நைனா முகமது ராவுத்தர், நைனா பாய் என்றால்தான் தெரியும். அவருடைய யார்டு தெற்கே, சிங்கப்பெருமாள்கோயில் தாண்டி இருந்தது. மற்ற பெட்டிகள் எல்லாம் மறுபேச்சு இல்லாமல் போயின. லேடீஸ் பெட்டி மட்டும் போகவில்லை. எஞ்சின் வைத்து இழுத்தார்கள், எஞ்சினின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் பொறி பறந்தது. கிரேன் வைத்துத் தூக்கி நீளமான டிரெய்லர் லாரியில் ஏற்றினார்கள், கூடையைத் தூக்குகிற மாதிரி தூக்க வந்தது. ஆனால் லாரி தெற்கே ஓர் அடி நகரவில்லை, டிரைவர் பிரேக்கை விட்டதும் பின்பக்கமாக, வடக்கே, நாலு அடி உருண்டது. தரை சரிவு என்றார் அங்கே இருந்த இன்ஜினியர். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் தெற்குப் பக்கமாகத்தான் ஓடும், ஆனால் அவர் படித்தவர், நாங்கள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

நைனா பாய் பெட்டிக்குள் ஏறிப் பார்த்தார். நீலக் கரை போட்ட ஒரு கைக்குட்டை ஜன்னலோர சீட்டில் கிடந்தது. எடுக்கப் போனார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், தரையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார், கிரேன்காரனையும் கூப்பிட்டு இழுத்தார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்து சொன்னார்.

"யாரோ ஆள் வருதுன்னு போட்டு வச்சிருக்காங்க. வரட்டும்."

அவரும் சைதாப்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு அந்த வண்டியில் போய்வந்து தொழில் கற்றவர்தான். பெட்டியைச் சிலிப்பர் கட்டைகளின்மேல் இறக்கி வைத்துவிட்டு, கடலை மிட்டாய் வாங்கி எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்து வேலை சூடு பிடிக்கும்போது, கிரேனோடும் லாரியோடும் வந்து தெற்கே இழுத்துப் பார்ப்பார். நாங்கள் டீ போட்டுக் கொடுப்போம். லாரி வடக்கே நாலு அடி உருளும். இறக்கி வைத்துவிட்டுப் போவார்.

பெட்டி சும்மா நிற்கும்போது வெறுமனே விடுகிற தெருவா எங்கள் தெரு? காலையில் காய் நறுக்க அங்கே போனோம், மத்தியானம் பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்தது, மழை நாளில் ஈரத் துணி உலர்த்தினோம். நீலக் கரைக் கைக்குட்டை கிடந்த சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. கோகிலம் வெள்ளிக்கிழமை தோறும் வந்து எல்லா சீட்டையும் துடைப்பாள், பொதுக்காரியம் என்று நினைத்து நாங்கள் மெச்சிக்கொண்டோம். தினமும் அகலப் பாதை வண்டியில்தான் ஆபீஸ் போனாள். அதில் எத்தனை கூட்டம் நெரித்தாலும் அவளுக்குப் பக்கத்து சீட் எழும்பூர்வரை காலியாகவே வரும். நின்றுகொண்டு வருகிறவர்களிடம் ஏன் உட்காரவில்லை என்று கேட்டால், "ஆள் வருதுல்ல?" என்பார்கள், அவளிடம் கேட்காமலேயே.

பிறகுதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். வட்டச் செயலாளர் ஒருவர், கவுன்சிலர் சீட்டுக்கு ஆசைப்பட்டவர், விளையாட்டுக்குத் தன் கட்சித் துண்டை அந்தப் பெட்டியில் ஒரு சீட்டில் போட்டுவைத்தார். எங்கள் வார்டுக்குத் தேர்தல் நின்றுபோனது. எதிராளி எவனும் கவுன்சிலராகவில்லை, அவரும் ஆகவில்லை, ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஹெட் கிளார்க் பதவிக்குக் காத்திருந்த ஒருவர் துண்டு போட்டார், அந்த நாற்காலி அவருடைய ஆபீஸில் தூசி படிந்து காலியாகக் கிடந்தது. ஒருத்தி தனக்குப் பிடித்த வாடகை வீட்டுக்குக் கைக்குட்டை போட்டாள், அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை, வீட்டுக்காரர் டு-லெட் போர்டின் கீழே உட்கார்ந்து அழுதார். பேரனுக்குக் கான்வென்ட்டில் இடம், மருமகளுக்குப் புரொமோஷன், கோயில் தர்மகர்த்தா பதவி, கல்யாண மண்டபத்தில் ஆவணி முகூர்த்தம் என்று பெட்டி நிறையத் துண்டு விழுந்தது. அந்தப் பெட்டி இடத்தைப் பிடித்து வைக்கும், அடுத்தவன் கையில் போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆளை வரவழைக்கத் தெரியாது. இது எங்களுக்குப் புரிவதற்குள் காய் நறுக்க உட்கார ஒரு சீட்டும் மிச்சமில்லை, தெருவில் நடக்க வேண்டிய காரியம் ஒன்றும் நடக்கவுமில்லை. துண்டை எடுக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. எடுத்த நிமிஷமே இன்னொருத்தன் உட்கார்ந்துவிட்டால்?

இதில் மாட்டிக்கொண்டு விழித்தவள் எங்கள் தெருப் பெண் மங்கை. அவளைப் பெண் பார்க்க ஒருமுறை அமெரிக்க மாப்பிள்ளை ஒருவன் வந்து, கேசரி சாப்பிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போயிருந்தான். மங்கையின் அம்மா சௌந்தரம் அவன் பேருக்கு ஒரு பூத்துவாலையைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். மங்கைக்கு ஜெராக்ஸ் கடை தவமணியைப் பிடித்திருந்தது, தவமணிக்கும் மங்கையை. அவன் பெண் கேட்டு மூன்று முறை வந்தான். மூன்று முறையும் வாசல்வரை வந்தவன், உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், "யாரோ வர்றாங்க போலிருக்கு" என்று வந்த வழியே திரும்பிப் போனான். அவன் தப்பு இல்லை, பாவம்.

ஒரு வெள்ளிக்கிழமை கோகிலம் சீட் துடைத்துக்கொண்டிருந்தபோது மங்கை வந்து எதிரில் நின்றாள். நான் அடுத்த வரிசையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அதனால் இது காதால் கேட்டது.

"அத்தை, அந்த நீலக் கரை கர்ச்சீப் உங்களுதுதானே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? வேற எங்க உக்காந்தாலும் அகலமா சாஞ்சு உக்காருவீங்க. இது பக்கத்துல மட்டும் ஒரு ஆளுக்கு இடம் விட்டு ஒடுங்கி உக்காருறீங்க."

கோகிலம் துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை. பிறகு நான் மேலே உங்களுக்குச் சொன்னதையெல்லாம், சூப்பர்வைசர் மேடம்வரை, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அவங்க வீட்டுக்குப் போயி கூப்பிட வேண்டியதுதானே?"

"வீடு தெரியாதுடி. பல்லாவரத்துல ஏறுவா, அதான் தெரியும்."

மங்கை தன் அம்மா போட்ட பூத்துவாலையைக் கை காட்டினாள். "இந்தப் பொட்டி இங்க நிக்கறவரைக்கும் எங்கம்மா அந்தத் துவாலைய எடுக்காது அத்தை. அந்த ஆளுக்கு அங்கயே கல்யாணமாகி ரெண்டு குழந்தை. நான் இன்னும் எத்தனை நாள் காலி சீட்டாவே கெடக்கறது?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"இது ஏன் நகர மாட்டேங்குதுன்னு உங்களுக்குத் தெரியும்."

கோகிலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பல்லாவரம் வரைக்கும் போயி, அவ அங்க இல்லன்னா?" என்றாள்.

"இல்லன்னா இல்லன்னு தெரியும்ல."

பெட்டி நிற்கும்வரை பிலோமினா வரப்போகிறவள், வராதவள் அல்ல. இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் கோகிலம் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். அதைக் கொண்டுபோய்ப் பல்லாவரத்தில் நிறுத்திப் பரீட்சை பார் என்கிறாள் இந்தப் பெண். கோகிலம் கைக்குட்டையைச் சுற்றி மட்டும் இன்னொரு முறை துடைத்துவிட்டுப் போனாள்.

அந்தத் தை மாதம் நைனா பாய் வழக்கம்போல் வந்தார். காலை நேரம். கிரேன் பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தது, பாய் டிரைவருக்குக் கை காட்டப் போனார், அப்போது கோகிலம் ஆபீஸ் பையோடு வந்து லாரிக்கு முன்னால் நின்றாள்.

"பாய், எந்தப் பக்கம் இழுக்கறீங்க?"

"நம்ம யார்டு பக்கம்தாம்மா. சிங்கப்பெருமாள்கோயில்."

"இது பீச் வண்டி, பாய்."

நைனா பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இத்தினி வருசமா ஒருத்தரும் சொல்லலியேம்மா."

"நீங்க யாரும் கேக்கல."

லாரியை வடக்கே திருப்பினார்கள். திருப்புவதற்குள் விஷயம் தெருவெல்லாம் பரவி, நாங்கள் டிபன் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஸ்டூல் போட்டுப் பெட்டியில் ஏறினோம். துண்டு போட்டவர்களும் ஏறினார்கள், ஏனென்றால் சட்டத்தின் மறுபாதி அதுதான்: வண்டி கிளம்பும்போது துண்டு போட்டவர் ஏறியிருக்க வேண்டும், ஏறாதவரின் துண்டு வெறும் துணி. சௌந்தரம் அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். மங்கை அவளைத் தேடிப் போகவில்லை.

வண்டி கிளம்பியது. அது போன போக்குக்கு டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே இல்லை, பிரேக்கைப் பிடிப்பதுதான் வேலையாக இருந்தது என்று பிறகு சொன்னான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, "என்னய்யா இது?" என்றார். "பீச் வண்டி சார்" என்றார் பாய். போலீஸ்காரர் வாட்சைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். சானடோரியம் தாண்டும்போது நாங்கள் எங்களை அறியாமல் நெருங்கி உட்கார்ந்தோம், அங்கே எப்போதும் கூட்டம் ஏறும். குரோம்பேட்டை தாண்டும்போது காற்று பலமாக அடித்து, சௌந்தரத்தின் பூத்துவாலை சீட்டிலிருந்து எழும்பி, ஜன்னல் வழியாக வெளியே பறந்து போனது. மங்கை அதைப் பார்த்தாள். கையை மட்டும் நீட்டவில்லை.

நீலக் கரைக் கைக்குட்டை அசையவில்லை. கோகிலம் அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உதடு காய்ந்துபோயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

பல்லாவரம் ஸ்டேஷனுக்கு எதிரே லாரி தானாக நின்றது. ரோட்டில் ஆட்டோ, பஸ், ஸ்கூட்டர் எல்லாம் பின்னால் ஹார்ன் அடித்தன. பஸ் ஸ்டாப்பில் பத்திருபது பேர் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவள் இல்லை. கோகிலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பாய் லாரியிலிருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்தார், நாங்கள் கோகிலத்தைப் பார்த்தோம், மங்கை தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் நில்லுங்க பாய்" என்றாள் கோகிலம். "அவ எப்பவும் கடைசி நிமிஷத்துலதான் ஓடி வருவா."

அப்போது ஒரு மளிகைக் கடைச் சந்திலிருந்து, நரைத்த கொண்டை, தோளில் தையல் பை, குட்டையான ஒரு பெண்பிள்ளை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். பஸ்ஸுக்காகத்தான் ஓடிவந்திருப்பாள். லாரியின்மேல் நிற்கும் பெட்டியைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி, ஜன்னலோரக் கைக்குட்டையைப் பார்த்து, அதன் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி இவ்ளோ லேட்டு?" என்றாள்.

"சிக்னல் விழல" என்றாள் கோகிலம்.

பாய் ஸ்டூலைப் போட்டார், நாங்கள் கை கொடுத்துத் தூக்கினோம். பிலோமினா கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்து, நான்காக மடித்து, கோகிலத்தின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். லாரி நகர்ந்தது. சூப்பர்வைசர் மேடத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரிசூலம் வரைக்கும் கோகிலம் அழுதாள், பிலோமினா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்றாள்.

எழும்பூரில் இருவரும் இறங்கினார்கள். இனி பெட்டியை யார்டுக்குத் திருப்பலாம் என்று பாய் கையைத் தேய்த்துக்கொண்டபோது, பிலோமினா தன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அதே சீட்டில் போட்டாள்.

"அம்மா, என்னம்மா இது?"

"சாயங்காலத்துக்கு, பாய்."

நைனா பாய் தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தார். டீ குடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, சாயங்கால வண்டி தெற்கே தாம்பரத்துக்குப் போகிற வண்டி என்று. முகம் மலர்ந்து எங்களுக்கெல்லாம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு இருவரும் வந்து ஏறினார்கள், வண்டி தெற்கே பூப்போலப் போனது. வழியெல்லாம் மற்றவர்களும் அவரவர் துண்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டார்கள், யாரும் எடுக்கச் சொல்லவில்லை. வட்டச் செயலாளர் மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை, அவர் துண்டு இப்போது பாயின் யார்டில் இருக்கிறது.

பல்லாவரத்தில் பிலோமினா இறங்கினாள். "வரேன்டி" என்று சொல்லிவிட்டு மளிகைக் கடைச் சந்துப் பக்கம் நடந்தாள். லாரி மெல்ல நகர்ந்தது. கோகிலம் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள், திடீரென்று எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து முகத்தை நுழைத்துக்கொண்டு கத்தினாள். நாளைக்கு வண்டி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"பிலோ, உன் வீடு எந்தத் தெரு?"

பிலோமினா திரும்பினாள். பஸ்ஸும் ஆட்டோவும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவளும் கையைக் குவித்து வாயில் வைத்துக் கத்தினாள்.

"சர்ச்சுக்குப் பின்னால, ரெண்டாவது சந்து, பச்சைக் கதவு."

ஹார்ன் சத்தத்தில் கோகிலத்துக்குச் சரியாகக் கேட்காமல் போயிருக்குமோ என்ற பயத்தில், பெட்டியில் இருந்த அத்தனை பேரும் தாம்பரம் வரும்வரை அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தோம்.